தகவல் நூல் வாசிப்பு அட்டைகள்: நாலாம் வகுப்பில் ஒரு பருவம் பயன்படுத்திய பின்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்கு அருகே உள்ள ஒரு தமிழ்வழி எல்.பி. (கீழ்நிலைத் தொடக்க) பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்து வருகிறேன். மே மாத இறுதியில், பள்ளி திறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பு, வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குப் பேருந்தில் போய், அங்கே பாடத் துணைப்பொருள்கள் விற்கும் ஒரு கடையில் ‘தகவல் நூலின் கூறுகள்’ என்று மேலே அச்சிட்ட ஓர் அட்டைப்பெட்டியை 1,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஜூன் தொடக்கத்திலிருந்து ஓணப் பரீட்சை வரை 19 பிள்ளைகளோடு அதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடையின் பெயரையும் தயாரித்தவர்களின் பெயரையும் விட்டுவிட்டு, அட்டைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இப்படி ஒரு பெட்டி எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகள் படிப்பதில் பெரும்பகுதி கதையும் பாட்டுமே. கதையை முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை வரிசையாகப் படித்தால்தான் சுவை. நடுப்பக்கத்தைத் திறந்து முடிவைத் தெரிந்துகொண்டவனைப் பிள்ளைகளே திட்டுவார்கள். தகவல் சொல்லும் நூலோ நடுவில் திறப்பதற்கென்றே செய்யப்பட்டது. தவளையின் முட்டையைப் பற்றி அறிய விரும்பும் பிள்ளை தேளைப் பற்றிய பக்கங்களைப் படிக்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் பொருளடக்கமும் துணைத்தலைப்பும், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நூலின் இறுதியில் காட்டும் சொல்லடைவும் இருக்கின்றன. அவற்றின் பயன் தெரியாத பிள்ளை, தகவல் பக்கத்தையும் கதையைப் போலவே மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்து, பாதியில் களைத்துப்போய்ப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறது. என் வகுப்பில் ஆண்டுதோறும் காண்பது இது.

பெட்டிக்குள் லேமினேஷன் செய்த 48 அட்டைகள், சுவரில் ஒட்டும் 6 பெரிய தாள்கள், எழுதி அழிக்கக்கூடிய 12 வெற்று அட்டைகள், ஒரு பயிற்சி ஏடு, 16 பக்கத்தில் ஆசிரியர் கையேடு ஆகியவை உள்ளன. ஒவ்வோர் அட்டையின் முன்பக்கத்திலும் கூறின் பெயரும் ஒரு மாதிரியும், பின்பக்கத்தில் அதன் விளக்கமும் இருக்கின்றன. பொருளடக்கம், தலைப்பு, படக்குறிப்பு, பாகங்களின் பெயர் குறித்த படம், அட்டவணை, காலக்கோடு, அருஞ்சொற்பொருள், சொல்லடைவு, கட்டம் கட்டித் தரும் பெட்டிச் செய்தி என வேண்டிய எல்லாமே அடக்கம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நிழற்படத்துக்கும் விளக்கப்படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் அட்டை மிகச் சிறந்தது. ஒரே வண்ணத்துப்பூச்சி இடப்பக்கம் நிழற்படமாகவும் வலப்பக்கம் கோட்டுப் படமாகவும் இருக்கிறது. நிழற்படத்தில் அதன் உறிஞ்சுகுழல் சுருண்டு, தலையோடு தலையாக ஒட்டிக்கொண்டு கிடப்பதால் கண்ணுக்கே தெரிவதில்லை. கோட்டுப் படத்திலோ அது நீட்டி வரையப்பட்டு, பக்கத்தில் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. ‘பார்ப்பதற்கு எப்படி இருக்கும்’ என்று கேட்டால் ஒன்றையும், ‘எதைக் கொண்டு தேனைக் குடிக்கிறது’ என்று கேட்டால் மற்றொன்றையும் பார்க்க வேண்டும் என்பதை நான் வாய் திறந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. மெய்யளவைக் காட்டும் அட்டையும் அப்படியே: பெரிதாக்கிய எறும்பின் படத்துக்கு அருகே, அதன் உண்மையான நீளத்துக்கு ஒரு சின்னக் கோடு. பிள்ளைகள் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து வைத்துப் பார்த்தார்கள். இந்த இரண்டு அட்டைகளைச் செய்தவர் வகுப்பறைக்குள் நின்றவராக இருக்க வேண்டும்.

மற்ற அட்டைகளில் பலவற்றை ஆங்கிலத்திலிருந்து அப்படியே தூக்கித் தமிழ் எழுத்தில் வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பதில் தவறில்லை, ஆனால் நூலின் கூறுகள் என்பவை எழுத்தோடும் அச்சோடும் பிணைந்தவை, ஒரு மொழியின் எழுத்து மாறினால் கூறும் மாறும் என்பதை இதைச் செய்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இதற்குச் சொல்லடைவு அட்டையைவிட நல்ல சான்று வேண்டாம். ‘சொல்லடைவு அகர வரிசையில் அமைந்திருக்கும்’ என்று அதன் பின்பக்கம் சொல்கிறது. முன்பக்கத்தில், எரிமலை பற்றிய ஒரு நூலின் சொல்லடைவு மாதிரியாகத் தரப்பட்டிருக்கிறது: சாம்பல், எரிமலைவாய், எரிமலைக்குழம்பு, பாறைக்குழம்பு, எரிமலை. இது ஆங்கிலச் சொற்களின் வரிசை. சொற்களை மட்டும் தமிழாக்கிவிட்டு வரிசையை மாற்ற மறந்திருக்கிறார்கள். அட்டையைக் கையில் வாங்கிய ஒரு மாணவி, “டீச்சர், ‘எ’ முன்னாடி வரணுமில்லையா, ‘சா’ ஏன் மொதல்ல இருக்கு?” என்று கேட்டபோது எனக்கு வெட்கமும் மகிழ்ச்சியும் சேர்ந்தே வந்தன. விளக்கத்துக்கு மாறான மாதிரியைக் கண்டுபிடித்ததால் அவள் சொல்லடைவைப் புரிந்துகொண்டாள் என்பது உண்மை. அதற்காக அச்சுப் பிழைக்கு நன்றி சொல்ல முடியாது, ஏனென்றால் மற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தக் கேள்வியும் இல்லாமல் அந்த வரிசையை ஏட்டில் பார்த்து எழுதினார்கள்.

தமிழ் அகர வரிசையைப் பயன்படுத்தித் தேடுவது நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தனியாகக் கற்பிக்க வேண்டிய வேலை. நெடுங்கணக்கை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூட, ‘மணல்’ என்ற சொல்லும் ‘மனை’ என்ற சொல்லும் எந்த வரிசையில் வரும் என்று கேட்டால், ண ஐந்தாம் மெய்க்குப் பக்கத்திலும் ன பதினெட்டாவதாகக் கடைசியிலும் நிற்பது உடனே நினைவுக்கு வராது. ‘ஜன்னல்’ எங்கே வரும் என்று ஒருவன் கேட்டுவிட்டால் ஆசிரியரும் சற்று யோசிக்க வேண்டும். இவற்றுக்கு ஒரு வரிகூட கையேட்டில் இல்லை. பழைய தமிழ்ப் பதிப்புகளின் இறுதியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதியும் அரும்பத அகராதியும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு, இந்த மரபு நமக்குப் புதியதன்று என்பது தெரியும். அதற்கும் முன்னால், நூலின் பெயர், ஆக்கியோன் பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று பாயிரத்துக்கு, அதாவது நூலின் முன்னுரைக்கு, விதி வகுத்தவர்கள் நம்மவர்கள். அட்டை செய்தவர்கள் அந்தப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

இன்னும் இரண்டு அட்டைகளை முதல் வாரத்திலேயே பெட்டியிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். ஒன்று, ‘பெரிய எழுத்து’ என்ற அட்டை. பெயர்ச்சொற்களின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்கும் என்று அது சொல்கிறது. தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் பிள்ளைகள் தலைப்பின் அளவைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். மற்றொன்று சாய்வெழுத்து. தமிழ் அச்சில் அரிதாகவே வரும் ஒரு வடிவத்துக்கு ஒரு முழு அட்டை எதற்கு என்று தெரியவில்லை. தடித்த எழுத்து பற்றிய அட்டை தேவையானதுதான்; ஆனால் அதில் பயன்படுத்திய எழுத்துரு, தடித்ததற்கும் சாதாரணமானதற்கும் வேறுபாடு தெரியாதபடி இருக்கிறது. கடைசி இருக்கையில் அமர்ந்த பிள்ளைக்குத் தடித்த சொல் எது என்று நானே போய்க் காட்ட வேண்டியிருந்தது.

பெயர்களைத் தேர்ந்ததிலும் கவனம் போதாது. ‘வரைபடம்’ என்ற ஒரே சொல்லை நிலத்தைக் காட்டும் படத்துக்கும், பாகங்களைக் காட்டும் படத்துக்கும், எண்களை ஏற்ற இறக்கமாகக் காட்டும் கோட்டுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பொதுவழக்கில் இந்த மூன்று பொருளிலும் அந்தச் சொல் புழங்குவது உண்மையே. ஆனால் கூறுகளைப் பிரித்தறியக் கற்பிக்கும் பெட்டியில் அப்படி இருக்கலாமா? நான் நிலப்படம், விளக்கப்படம், கோட்டு வரைபடம் என்று மூன்று வெள்ளைத் தாள் துண்டுகளில் எழுதி மேலே ஒட்டிவிட்டேன்.

எல்லையோரப் பள்ளியில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. எங்கள் பிள்ளைகள் தமிழில் படித்தாலும் கடைப்பலகையும் பேருந்தின் பெயர்ப்பலகையும் மலையாளத்தில்தான் பார்க்கிறார்கள். மலையாளப் பாடமும் உண்டு. மலையாளத்தில் நிலப்படத்தைப் ‘பூபடம்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் காதால் மட்டும் கேட்ட ஒரு பையன், நான் நிலப்படம் வரையச் சொன்னபோது, இதுதானே அது என்று எண்ணி அழகான செம்பருத்தி ஒன்றை வரைந்து கொண்டுவந்தான். பத்திரிகைத் தலைப்பை மலையாளத்தில் ‘தலக்கெட்டு’ என்பார்கள். எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைக்குத் தலைக்கட்டு என்றால் மாரியம்மன் நோன்புக்கு வீட்டுக்கு வீடு வாங்கும் வரி. எல்லாவற்றையும்விட அதிகம் தடுக்கிவிடுவது ‘அடிக்குறிப்பு’. தமிழில் அது பக்கத்தின் அடியில் வரும் குறிப்பு. மலையாளத்தில் படத்தின் கீழ் எழுதும் வரிக்கும் அதுவே பெயர். ஆகவே படக்குறிப்பு அட்டையை உயர்த்திக் காட்டிப் பெயர் கேட்டால் பாதி வகுப்பு ‘அடிக்குறிப்பு’ என்றே சொல்கிறது. அதைத் தவறு என்று அடித்துவிடாமல், இரு மொழிகளிலும் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று ஒரு வகுப்பு முழுவதும் பேசினோம். இதைக் கோயம்புத்தூரில் விற்கும் பெட்டியிடம் எதிர்பார்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதைக் குறையாகக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனால் கையேட்டின் முறையைக் குறையாகச் சேர்த்தே ஆக வேண்டும். நாளுக்கு ஒரு கூறு, அதன் பெயர், அதன் விளக்கம், பிறகு பயிற்சி ஏட்டில் ‘தேடல் விளையாட்டு’: ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து, அதில் எந்தெந்தக் கூறுகள் இருக்கின்றன என்று கட்டங்களில் சரி போட வேண்டும். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. பத்து நிமிடத்தில் எல்லாக் கட்டத்திலும் சரி போட்டுவிட்டு ஓடிவந்து காட்டினார்கள். மூன்று வாரம் இப்படிப் போனதும் ஒரு சோதனை வைத்தேன். வரையாட்டைப் பற்றி நானே ஒரு பக்கம் எழுதினேன்: மூன்று துணைத்தலைப்புகள், வரையாடுகள் வாழும் இரவிக்குளம் தேசியப் பூங்கா எங்கே இருக்கிறது என்று காட்டும் சின்ன நிலப்படம், பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர், அங்குள்ள ஆனைமுடிச் சிகரத்தின் உயரம் 2,695 மீட்டர் என்பவற்றைத் தரும் அட்டவணை, ஒரு படம், அதன் கீழ் குறிப்பு. ‘இரவிக்குளம் மூணாறுக்கு எந்தத் திசையில் இருக்கிறது?’ என்று கேட்டேன். விடை நிலப்படத்தில் மட்டுமே இருந்தது, பத்தியில் இல்லை. 19 பேரில் நான்கு பேர் நிலப்படத்தைப் பார்த்தார்கள். மற்றவர்கள் முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்கள். அதே பிள்ளைகளிடம் நிலப்படத்தைச் சுட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால் ஒரே குரலில் பெயர் சொல்கிறார்கள்! கூறின் பெயரைத் தெரிந்துகொள்வதும் அதைக் கொண்டு தேடத் தெரிவதும் ஒன்றல்ல என்பதையும், இந்தப் பெட்டி முதலாவதை மட்டும் கற்பித்துவிட்டு நின்றுவிடுகிறது என்பதையும் அன்று கண்டேன்.

அதன் பிறகு கையேட்டை மூடி வைத்துவிட்டு வரிசையைத் தலைகீழாக்கினேன். முதலில் கேள்வி, பிறகு ‘இதற்கு விடை எங்கே இருக்கும், பத்தியிலா, படத்திலா, அட்டவணையிலா, எந்தப் பக்கத்தில்?’ என்ற பேச்சு; புத்தகத்தைத் திறப்பது அதற்கும் பிறகுதான். இந்த இடத்தில்தான் அந்த 12 வெற்று அட்டைகள் கை கொடுத்தன. பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த பால் அட்டையில் தேதி, லிட்டர், கொழுப்பு, விலை என்று நிரல்கள் இருந்தன. பாடநூலின் அட்டவணையைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்ளும் அந்தப் பிள்ளை, எந்த நாளில் கொழுப்புக் குறைந்ததால் விலை குறைந்தது என்று நிரலில் விரலை ஓட்டிக் காட்டினாள். அட்டவணையை எப்படிப் படிப்பது என்று அவளுக்கு நான் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததன் பெயர்தான் அட்டவணை என்று சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவே.

பிறகு ‘எங்கள் ஊர்த் தண்ணீர்’ என்ற சிறு நூல் ஒன்றை வகுப்பே சேர்ந்து செய்தது. ஆழியாற்றிலிருந்து வரும் தண்ணீர் மூலத்தறைக்கு எப்படி வருகிறது, அங்கிருந்து கால்வாய்களில் எப்படிப் பிரிகிறது என்பது அதன் பொருள். நிலப்படத்தை ஒரு குழு வரைந்தது. அருஞ்சொற்பொருள் பகுதியில் மதகு, தடுப்பணை, வாய்க்கால் ஆகியவற்றோடு ‘டி.எம்.சி.’ என்பதும் சேர்ந்தது, ஏனென்றால் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையோர மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்று யாரோ வீட்டில் கேட்டு வந்து எழுதியிருந்தார்கள். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி என்று எழுதிய பிறகு, ஒரு கன அடி எவ்வளவு என்று கேட்டுச் சாக்குக்கட்டியால் தரையில் ஓர் அடிச் சதுரம் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சொல்லை விளக்கப் பயன்படுத்திய சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படலாம் என்பது அங்கே தானாகவே தெரிந்தது.

காலக்கோட்டில் இன்னொரு பயன் கிடைத்தது. பெட்டியில் உள்ள காலக்கோடு வானில் பறந்த வரலாற்றைச் சொல்கிறது: 1903, 1927, 1969. மூன்று புள்ளிகளும் சம இடைவெளியில் உள்ளன. முதல் இடைவெளி 24 ஆண்டு, அடுத்தது 42 ஆண்டு. கோட்டில் இரண்டும் ஒரே நீளம். பிள்ளைகள் தாங்கள் போட்ட கோட்டில், கேரள மாநிலம் அமைந்த 1956, பாலக்காடு மாவட்டம் உருவான 1957, ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தான 1970 ஆகியவற்றைக் குறித்தபோது ஆண்டுக்கு ஒரு விரற்கடை என்று அளவு வைத்துக்கொண்டார்கள். 1956-க்கும் 1957-க்கும் நடுவே ஒரு விரல். அடுத்ததற்குப் பதின்மூன்று விரல், தாள் போதாமல் இன்னொரு தாளை ஒட்ட வேண்டியதாயிற்று. அதன் பிறகு பெட்டியிலிருந்த அட்டையைப் பார்த்து அவர்கள் சிரித்ததை நான் தடுக்கவில்லை.

பாகங்களின் பெயர் குறித்த படத்துக்கு ஒரு மாணவன் தென்னையை எடுத்துக்கொண்டான். அவன் தந்தை எங்கள் மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கத்தில் கள் இறக்கும் தொழிலாளி. பாளை, பாளையைக் கட்டிய கயிறு, சீவிய நுனி, கலயம், ஏறுவதற்காகத் தண்டில் கட்டிய தேங்காய் மட்டை என்று ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருந்தான். ஒரு கோடும் மற்றொன்றை வெட்டவில்லை. பெட்டியில் உள்ள எரிமலை வெட்டுப்படத்தில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு எது எதன் பெயர் என்று தெரியாமல் செய்கின்றன. தென்னைப் படத்தைச் சுவரில் ஒட்டலாமா என்று தலைமையாசிரியர் சற்றுத் தயங்கினார். இப்போது ஒட்டியிருக்கிறது.

பொருளின் உறுதி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லேமினேஷன் ஓரங்கள் ஜூலை மழையில் மூன்று அட்டைகளில் பிரிந்தன, செலோடேப் ஒட்டினேன். வாங்கும்போது இரண்டு அட்டைகள் குறைவாக இருந்தன. தொலைபேசியில் சொன்னதும் கடைக்காரர் மறுப்பேதும் சொல்லாமல் பேருந்தில் கொடுத்தனுப்பினார். அந்த நேர்மைக்கு மதிப்பெண் உண்டு. பயிற்சி ஏட்டை ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று தனியாக வாங்கச் சொன்னார், தேவையில்லை. பெங்குயினும் பனிக்கரடியும் நிறைந்த அந்த ஏட்டில் ‘பென்குயின்’ என்றும் ‘பெங்குவின்’ என்றும் ஒரே பக்கத்தில் இரு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

வாங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு: முழுப் பெட்டிக்கு 1,450 ரூபாய் அதிகம். வண்ணத்துப்பூச்சி, மெய்யளவு, பொருளடக்கம், பெட்டிச் செய்தி ஆகிய அட்டைகளும் வெற்று அட்டைகளும் வகுப்பில் நாள்தோறும் உழைக்கக்கூடியவை. சொல்லடைவு அட்டையைத் திருத்தாமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்; நான் வரிசையை மாற்றி எழுதி மேலே ஒட்டியிருக்கிறேன். சாய்வெழுத்து, பெரிய எழுத்து அட்டைகளின் பின்பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டால் வெற்று அட்டை இரண்டு கூடுதலாகக் கிடைக்கும். பள்ளிச் செலவில் வாங்குவதானால் இரண்டு வகுப்புகளுக்குச் சேர்த்து ஒன்று போதும். கைக்காசில் என்றால் யோசியுங்கள்.

பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் தமக்கும் ஒன்று வாங்கித் தரும்படி கேட்டிருக்கிறார். வெற்று அட்டைகளை மட்டும் தனியாக விற்பீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டேன். தயாரிப்பவர்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஓணம் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பின்னும் பதில் வரவில்லை.